மாம்பழ சீசனுக்கு முன்னாடி ஒரு ஃப்ரெஷரை எடுக்கலாமா, இல்ல ஏஐ-யே போதுமா?

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. கிருஷ்ணகிரில மாடி ரூம்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடை நம்மளது, கம்பெனின்னு சொல்லவே கூச்சமா இருக்கும், நானும் வேலை பாக்கற ரெண்டு பசங்களும் அவ்ளோதான். மாங்கூழ் ஃபேக்டரிங்க, மாங்கா மண்டிங்க, கிரானைட் யார்டுங்க, இவங்களுக்கு பில்லிங், ஸ்டாக், எடைமேடை சீட்டு, விவசாயி பாக்கி கணக்கு எல்லாம் எழுதித் தர்றோம்.

முன்னெல்லாம் ஒரு ஓனர் போன் போட்டு "தம்பி, எந்த ஊர் காய்ல எவ்ளோ கூழ் இறங்குதுன்னு ஒரு ரிப்போர்ட் வேணும்"னா அதை சின்னப் பையன் கிட்ட தள்ளி விடுவேன். அவன் டேபிளைப் பாப்பான், ரெண்டு டேபிளை இணைக்கற ஜாயினை தப்பா போடுவான், டன் எல்லாம் டபுள் ஆகி நிக்கும், என்கிட்ட வருவான், திட்டு வாங்குவான், ஒரு வாரத்துல எப்படியோ முடிச்சிருவான். இப்ப டெர்மினல்ல கிளாட் கோடுன்ற ஏஐ டூலைத் திறந்து தமிழும் இங்கிலீஷும் கலந்து நாலு வரி அடிச்சா அதுவே ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பைப் படிக்குது, குவெரி எழுதுது, ஸ்கிரீன் போடுது, டெஸ்ட் ஓட்டிப் பாத்து எரர் வந்தா அதுவே திருத்திக்குது. நான் டீக்கடைக்குப் போய்ட்டு வர்ற நேரம்தான்.

பெரிய பையன் பெங்களூர் போறான், நல்லா இருக்கட்டும். சின்னவன் மேல வந்துருவான். சின்னவன் இடத்துக்கு ஒரு ஃப்ரெஷரை எடுக்கணுமான்னு யோசிக்கறேன். காசு இல்லைன்னு இல்ல. அவனுக்குக் கொடுக்க என்கிட்ட வேலை இல்ல. ஃப்ரெஷர் செய்யற வேலை எதுவோ அதைத்தான் இது முதல்ல தின்னுருச்சு. எடுக்காம விட்டா நாளைக்கு சின்னவனும் போய்ட்டா அப்புறம் யாரு? நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

அரூர்_ஃப்ரீலான்சர்

ஆளு எதுக்குண்ணா. மாசம் 20 டாலர் சந்தா, அதுக்கு பிஎஃப் கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது, ஊர் திருவிழான்னு லீவும் கிடையாது ஹாஹா.

சீரியஸாவே சொல்றேன், நான் மெக்கானிக்கல் படிச்சவன், கோடிங்ல எனக்கு அடிப்படை ரொம்ப கம்மி. ஏஐ ஆராய்ச்சியாளர் கர்பாதி 2025 பிப்ரவரில வைப் கோடிங்னு ஒரு பேரு வச்சாரே, கோடுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு சொல்லிச் சொல்லி வேலை வாங்கறது, அதுதான் நான் பண்றேன். விதைக்கடை ஸ்டாக், பல் டாக்டர் அப்பாயின்ட்மெண்ட், மரவள்ளி கிழங்கு வியாபாரி ஒருத்தருக்கு வண்டி வாடகை கணக்கு எல்லாம் ஓடிட்டு இருக்கு. இவங்க யாரும் முன்னாடி சாஃப்ட்வேர் பக்கமே வரமாட்டாங்க, லட்சக்கணக்குல கேப்பாங்கன்னு பயம். இப்ப நான் பத்தாயிரத்துக்கு செஞ்சு தர்றேன், அவங்களுக்கும் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்.

சிப்காட்_பிஎல்சி | ஓசூர்

பேக்கப் எங்க எடுத்து வைக்கறீங்க தம்பி?

அரூர்_ஃப்ரீலான்சர்

கிளவுட்ல இருக்குண்ணா.

சிப்காட்_பிஎல்சி | ஓசூர்

ரீஸ்டோர் பண்ணிப் பாத்துருக்கீங்களான்னுதான் அடுத்த கேள்வி. 2025 ஜூலைல ரெப்ளிட்னு ஆப் எழுதித் தர்ற ஏஐ ஏஜென்ட், ஒருத்தரோட லைவ் டேட்டாபேஸை அழிச்ச கதை தெரியும்ல. எதையும் மாத்தாதேன்னு தெளிவா சொல்லி வச்சிருந்தாரு, கோட் ஃப்ரீஸ் நேரம், அப்படியும் அழிச்சுது. அதுக்கப்புறம் திரும்ப எடுக்க முடியாதுன்னு வேற சொல்லுச்சு, அவரு கையால ட்ரை பண்ணா வந்துச்சு. அழிச்சதை விட அந்த ரெண்டாவது விஷயம்தான் எனக்கு பயம், தெரியாததை அவ்ளோ நம்பிக்கையா சொல்லுது பாருங்க.

அத்திப்பள்ளி_டிராபிக் | ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி

கிருஷ்ணகிரி அண்ணா, உங்க கேள்விதான் இங்க எங்க ஆபீஸ்லயும் ஓடுது, ஸ்லைடு போட்டு பேசறாங்க அவ்ளோதான் வித்தியாசம்.

கொஞ்சம் வரலாறு சொல்றேன் ஏன்னா ஜனங்க எல்லாத்தையும் ஒரே ஏஐ-ன்னு பேசறாங்க. 2021 ஜூன்ல கிட்ஹப் காப்பைலட் வந்தப்ப அது அடுத்த வரியை ஊகிக்கும், டேப் அமுக்கணும், அவ்ளோதான். 2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததும் பிரவுசர்ல கேட்டு காப்பி பேஸ்ட் பண்ண ஆரம்பிச்சோம். அப்புறம் கர்சர் மாதிரி எடிட்டர், மொத்த ரெப்போவையும், அதாவது ப்ராஜெக்ட்டோட எல்லா கோடையும் படிக்கறது. 2025-ல ஏஜென்ட், தானே ஃபைல் திறந்து தானே கமாண்ட் ஓட்டறது. ஒவ்வொரு கட்டத்துலயும் நம்ம வேலை வேற மாதிரி மாறிருக்கு. முதல் கட்டத்துல விரல் வலி குறைஞ்சுது. இப்ப என்ன ஆச்சுன்னா நான் எழுதறதே குறைஞ்சு போயி நாள் முழுக்க படிச்சுட்டே இருக்கேன், அடுத்தவன் எழுதின கோடை, அதுவும் அந்த அடுத்தவன் யாருன்னே கிடையாது, ஏன் இப்படி எழுதினன்னு கேட்டா "நீங்க சொல்றது சரிதான்"னு உடனே மாத்திருது, சண்டை போடக்கூட ஆள் இல்ல.

கோடை சேத்துக்கங்கன்னு ரிவ்யூவுக்கு அனுப்பற புல் ரிக்வெஸ்ட் எல்லாம் ஊதிப் போச்சு. முன்னாடி நூறு நூத்தம்பது வரி வரும், இப்ப ஆயிரத்தைத் தாண்டி வருது, அனுப்பினவனே முழுசா படிச்சிருக்க மாட்டான். ரிவ்யூ பண்றவன் தலைல மொத்த பாரமும்.

வேகத்தைப் பத்தி ஒண்ணு. மெட்டர்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு 2025 ஜூலைல ஒரு சோதனை முடிவு வெளியிட்டாங்க. அனுபவசாலி ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர் 16 பேரு, 246 வேலை, பாதில ஏஐ உண்டு பாதில கிடையாது. ஆரம்பிக்கும் முன்னாடி 24% வேகமா முடியும்னு நெனச்சாங்க. முடிஞ்சப்புறம் கேட்டா 20% வேகமா முடிச்சோம்னாங்க. கடிகாரம் சொன்னது என்னன்னா 19% மெதுவா. அவங்க எல்லாம் அவங்கவங்க ரெப்போவை பல வருஷமா கரைச்சுக் குடிச்சவங்க, அப்ப இருந்த டூலும் வேற, அதனால இது எல்லாருக்கும் பொருந்தும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வேகமா போறோம்னு நமக்குத் தோணறதும் நிஜமா வேகமா போறதும் ஒண்ணு இல்லைன்னு மட்டும் மனசுல வச்சுக்கறேன்.

பாலக்கோடு_பாஸ்அவுட்

அண்ணா நான் 2025-ல படிச்சு முடிச்சவன், பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் வேலை இல்ல. இந்த தலைப்பைப் பாத்ததும் வயித்துல என்னவோ பண்ணுச்சு, என்னைப் பத்தியே பேசற மாதிரி இருக்கு.

எங்க பேட்ச்ல பாதிப்பேரு பெங்களூர்ல பிபிஓ, சில பேரு ஓசூர்ல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி லைன்ல நிக்கறாங்க, ஒருத்தன் அப்பாவோட தக்காளி லாரில ராயக்கோட்டை மார்க்கெட் போறான். டிசிஎஸ் 2025 ஜூலைல 2% ஆளுங்களை, பன்னெண்டாயிரம் பேருக்கு மேல, குறைக்கறோம்னு சொன்னதுல இருந்து வீட்ல பேச்சே வேற. அவங்க ஏஐ-யாலன்னு சொல்லல, திறமை பொருந்தலைன்னுதான் சொன்னாங்க, ஆனா அதை அப்பாவுக்கு எப்படி புரிய வைக்கறது. "கம்ப்யூட்டரே எழுதுதாமே, அப்ப நீ எதுக்கு"ன்னு சித்தப்பா பந்தில உக்காந்து சோறு தின்னுட்டே கேக்கறாரு.

காலேஜ்ல நடந்ததையும் சொல்லணும். லேப் ரெக்கார்டு முழுக்க சாட்ஜிபிடி. வைவால "இந்த லூப் எதுக்கு"ன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, கேக்கற மேடத்துக்கும் நேரம் இல்ல. நானும் அப்படித்தான் பாஸ் பண்ணேன்னு வச்சுக்கங்க. இப்ப உக்காந்து தனியா படிக்கறேன்.

ஒரு நல்லதும் இருக்குண்ணா. ராத்திரி 1 மணிக்கு "ரிகர்ஷன்ல ஸ்டாக் எங்க போகுது, தமிழ்ல சொல்லு"ன்னு கேட்டா சொல்லுது. அதே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்கல. சீனியர் கிட்ட ரெண்டாவது தடவை கேக்கவே எனக்கு நாக்கு வராது.

பழைய_ஃபாக்ஸ்ப்ரோ | தர்மபுரி

பாலக்கோடு தம்பி, தைரியமா இரு.

நான் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமா இருந்த காலத்து ஆளு, 2004-க்கு முன்னாடி. அப்ப ஃபாக்ஸ்ப்ரோன்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல கூட்டுறவு சங்கத்துக்கு நகைக்கடன் கணக்கு எழுதினவன். மைக்ரோசாஃப்ட் 2015-லயே ஃபாக்ஸ்ப்ரோவுக்கு சப்போர்ட்டை முடிச்சுட்டாங்க, ஆனா சில இடத்துல இன்னும் ஓடுதுப்பா, பழைய மெஷின்ல, தூசி தட்டி. அதை எல்லாம் மாத்தித் தர்றதுதான் இப்ப என் பொழப்பு, அதுக்கு ஏஐ-யை நல்லாவே பயன்படுத்தறேன். ஃபாக்ஸ்ப்ரோ கோடைக் குடுத்தா அது என்ன பண்ணுதுன்னு அழகா சொல்லும், நான் மறந்துபோன கமாண்டெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்கு.

ஆனா ஒரு சங்கதி கேளுங்க. பழைய டேட்டால உறுப்பினர் பேரெல்லாம் பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சது. அதுல எழுத்து கண்ணுக்குத் தெரியற வரிசைலதான் இருக்கும், கோவிந்தம்மாள்னா முதல்ல ரெட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். இப்ப எல்லாரும் பயன்படுத்தற யூனிகோட்ல அப்படி இல்ல, க முதல்ல, அதுக்கப்புறம் ஓகாரக் குறி, ஒரே குறி. ஏஐ கன்வர்ட்டர் எழுதிக் கொடுத்துச்சு, ஓட்டினேன், திரைல எல்லா பேரும் பளிச்சுன்னு வந்துச்சு. எவனா இருந்தாலும் சரியா இருக்குன்னு கையெழுத்து போட்ருவான். தேடிப் பாத்தா கோவிந்தம்மாள் கிடைக்கல! ஏன்னா அது ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியா வச்சிருக்கு, பாக்க ஒண்ணுதான், உள்ள நம்பர் வேற. யூனிகோட் நார்மலைசேஷன்னு ஒரு வரி, என்எஃப்சி, அதை ஓட்டினா ரெண்டும் ஒண்ணாயிரும். அந்த ஒரு வரி வேணும்னு கேக்கறதுக்கு முதல்ல சந்தேகம் வரணும், சந்தேகம் எனக்கு ஏன் வந்துச்சுன்னா நான் இந்த ஃபாண்ட் கருமத்தோட பாதி ஆயுசு மாரடிச்சவன். அப்புறம் ஔகாரத்துல வர்ற குறியும் ள-வும் ஒண்ணு போல இருக்கறதால வர்ற கூத்து தனி, அதை எழுதினா விடிஞ்சுரும்.

கல்லு வச்சுப் பழுக்க வச்ச மாம்பழம் மாதிரிதான் இந்த கோடு, மேல மஞ்சளா பளபளன்னு இருக்கும், கடிச்சுப் பாத்தாதான் தெரியும்.

அரூர்_ஃப்ரீலான்சர்

சார் இதையும் ஏஐ கிட்டயே "பாமினி டேட்டா, தேடல் வேலை செய்யணும்"னு முன்னாடியே சொல்லிருந்தா அது என்எஃப்சி போட்ருக்கும். நம்ம கேக்கற விதம்தான்.

பழைய_ஃபாக்ஸ்ப்ரோ | தர்மபுரி

அதைத்தானே சாமி நானும் சொல்றேன்.

காரிமங்கலம்_டெஸ்டர்

நானும் சேர்ந்துக்கறேன். குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் வீட்ல இருந்தே டெஸ்டிங் பண்றேன், கிளையண்ட் வெளிநாடு.

டெஸ்ட் எழுதறதுக்கு ஏஐ சூப்பர்னு எல்லாரும் சொல்றாங்க, பாதி உண்மை. கோடை எழுதின ஏஜென்டையே டெஸ்ட்டும் எழுதச் சொன்னா அது அந்த கோடு என்ன பண்ணுதோ அதையே எதிர்பார்ப்புன்னு எழுதி வச்சிரும். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கமிஷன் 8%-க்கு பதிலா 80% கழிச்சாலும் பச்சை, ஏன்னா டெஸ்ட்லயும் 80 தான். இன்னொரு கெட்ட பழக்கம், ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா கோடைத் திருத்தாம டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணிட்டு "எல்லா டெஸ்ட்டும் பாஸ்"னு சொல்லும். எந்த வரி மாறிச்சுன்னு காட்டற டிஃப்ல டெஸ்ட் ஃபைல் மாறிருக்கான்னு பாக்கறதுதான் நான் முதல்ல செய்யற வேலை.

எங்க டீம்ல நான் சண்டை போட்டு ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். கோடு எழுதறதுக்கு முன்னாடி என்னென்ன நடக்கணும், என்னென்ன நடக்கவே கூடாதுன்னு நானே கையால எழுதுவேன். சாதா தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்தான். கூழ் ஃபேக்டரின்னு வச்சுக்கங்க, வந்த எடையை விட கூழும் கழிவும் சேர்ந்து அதிகமா வரக்கூடாது, ஒரே லாரி நம்பர் ஒரே நேரத்துல ரெண்டு எடைமேடைல நிக்கக்கூடாது, இப்படி. அதுக்கப்புறம் ஏஜென்ட் என்ன வேணா எழுதட்டும்.

அண்ணா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்: ஃப்ரெஷரை எடுங்க, ஆனா முதல் ஆறு மாசம் கோடு எழுத விடாதீங்க. ஃபேக்டரிக்கு அனுப்புங்க, எடைமேடைல உக்கார வைங்க. நடக்கவே கூடாத லிஸ்ட்டை அவனோ அவளோ எழுதட்டும்.

(பையன் பையன்னே பேசறீங்க, பொண்ணுங்களும் கோடு எழுதறோம்.)

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

அக்கா சரியா குட்டினீங்க, ஒத்துக்கறேன்.

ஜிஎஸ்டி கதை ஒண்ணு சொல்றேன், நீங்க சொன்ன நடக்கவே கூடாததுல வரும். 2025 செப்டம்பர் 22-ல ரேட் எல்லாம் மாறுச்சுல்ல, மாங்கூழ் 12-ல இருந்து 5 ஆச்சு. ஏஜென்ட் கிட்ட ரேட்டை மாத்துன்னு சொன்னோம். அது சமத்தா எங்கெல்லாம் 12 இருக்கோ தேடிப் பிடிச்சு 5 ஆக்கி, டெஸ்ட் எல்லாம் பாஸ்னு சொல்லுச்சு. பாத்தா சரிதான். ஆனா சின்னவன் நிறுத்தினான். "அண்ணா, ஆகஸ்ட்ல போட்ட பில்லை இப்ப ரீபிரிண்ட் எடுத்தா 5 வருமே? ஆகஸ்ட்ல போன டின் திரும்பி வந்தா கிரெடிட் நோட் பழைய ரேட்ல தானே போடணும்?" கரெக்ட். ரேட்டுக்கு எந்த தேதில இருந்து எந்த தேதி வரைன்னு ஒரு டேபிள் வேணும், பில் தேதியைப் பாத்து ரேட் எடுக்கணும். அவனுக்கு எப்படி தெரிஞ்சுது? வேலைக்கு சேந்த புதுசுல அக்கவுண்டன்ட் அம்மா போன் பண்ணி கத்தறதை எடுக்கறதே அவன் வேலை, கிரெடிட் நோட்டுன்னா என்னன்னு அந்த அம்மா கிட்ட திட்டு வாங்கி திட்டு வாங்கியே கத்துக்கிட்டான்.

ஏஜென்டுக்கு அதை சொன்னதும் டேபிள் டிசைனு, மைக்ரேஷன், பழைய பில் எல்லாம் நிமிஷத்துல பண்ணிக் கொடுத்துச்சு, அவனை விட அழகாவே பண்ணுச்சு. தட்டச்சு வேலை அதோடது. நிறுத்துன்னு சொன்னது அவனோடது.

அத்திப்பள்ளி_டிராபிக் | ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி

இதுல ஒரு சிக்கல் இருக்குண்ணா. உங்க சின்னவன் அந்த ரிப்போர்ட்டை எல்லாம் தப்புத் தப்பா எழுதி திட்டு வாங்கின காலத்துலதானே ஜாயின் ஏன் டபுள் ஆகுதுன்னு கத்துக்கிட்டான். இனிமே வர்றவனுக்கு அந்த காலமே கிடையாது. ஏஜென்ட் கோடைப் படிச்சு தப்பு கண்டுபிடின்னு சொன்னா, தானே ஒரு தடவை கூட எழுதாதவன் எதை வச்சு கண்டுபிடிப்பான்? எங்க ஆபீஸ்ல புதுசா வந்தவங்க ரிவ்யூல "நல்லா இருக்கு"ன்னு மட்டும் போடறாங்க. சோம்பேறித்தனம் இல்ல, நிஜமாவே நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது அவங்களுக்கு.

புரோகிராமருங்க கேள்வி பதில் சைட் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோட 2025 சர்வேல 84% பேரு ஏஐ பயன்படுத்தறோம் இல்ல பயன்படுத்தப் போறோம்னாங்க, அதே சர்வேல அதோட துல்லியத்தை நம்பலைன்னு 46%. எரிச்சலுக்கு காரணம் கேட்டப்ப முதல் இடத்துல வந்தது, 66% பேரு சொன்னது, கிட்டத்தட்ட சரியா இருக்கு ஆனா முழுசா சரி இல்ல. முழுத் தப்புன்னா தூக்கிப் போட்டுட்டுப் போகலாம், இந்த கிட்டத்தட்டதான் உயிரை வாங்குது.

சிப்காட்_பிஎல்சி | ஓசூர்

நான் ஆபீஸ் சாஃப்ட்வேர் ஆள் இல்ல, மெஷின் ஆள். பிரஸ், கன்வேயர், ரோபோ இதையெல்லாம் ஓட்டற கன்ட்ரோலருக்கு, பிஎல்சிம்பாங்க, புரோகிராம் எழுதறவன். எங்க பக்கமும் வந்துருச்சு, பிஎல்சி எழுதற சாஃப்ட்வேர் சீமென்ஸ் டிஐஏ போர்ட்டலுக்கே காப்பைலட் விக்கறாங்க. ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்னு பிஎல்சி மொழி, அதை நல்லாவே எழுதுது. பழைய மெஷின் புரோகிராமுக்கு கமெண்ட் போட வைக்க இதை விட்டா ஆள் கிடையாது, முன்னாடி எழுதினவன் ரிட்டயர் ஆகிப் போய்ட்டான், கமெண்ட் பாதி ஜெர்மன்.

ஆனா பிரஸ்ல கை உள்ள இருக்கான்னு பாக்கற லைட் கர்டன், இன்டர்லாக், எமர்ஜென்சி ஸ்டாப், இந்தப் பக்கம் அதை விடமாட்டோம். விதி ஒரு பக்கம். இன்னொண்ணு, அதுக்கு கோடு தெரியும், தரை தெரியாது. கூலன்ட் ஆவி படிஞ்சு சென்சார் பொய் சொல்றது, மழைக்காலத்துல ஒரு பேனல்ல மட்டும் ஈரம் இறங்கறது, நைட் ஷிப்ட் ஆபரேட்டர் வேகமா முடிக்கணும்னு கேட் மூடியிருக்கற மாதிரி காட்ட சுவிட்சுல காந்தத்தை ஒட்டி வைக்கறது, இதெல்லாம் எந்த ஃபைல்லயும் எழுதி இல்ல.

அரூர் தம்பி கோவிச்சுக்காதீங்க, உங்களை மட்டம் தட்டல. வண்டி வாடகை கணக்கு தப்பானா காசு போகும், திருத்திக்கலாம். அதுக்கு நீங்க பண்றது சரிதான். எது தப்பானா திருத்த முடியாதோ அதை மட்டும் பிரிச்சு வச்சுக்கங்க. பல் டாக்டர் கிட்ட நோயாளி போன் நம்பர், நோய் விவரம் எல்லாம் இருக்குமே?

அரூர்_ஃப்ரீலான்சர்

இருக்கு. லாகின் இருக்குண்ணா, சும்மா திறந்தெல்லாம் இல்ல.

சரி நானும் ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் சீனியர் சீனியர்னு பேசறீங்க. சீனியர் எழுதின கோடு எல்லாம் சுத்தமா இருந்துச்சா இத்தனை நாள்? தர்மபுரில ஒரு கடைக்குப் போனேன், பழைய சாஃப்ட்வேர் எழுதினவரு பாஸ்வேர்டை கோடுக்குள்ளயே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு, ஆளு இப்ப போனே எடுக்கறதில்ல. அதை ஏஐ கண்டுபிடிச்சு சொல்லுச்சு, நான் கேக்கவே இல்ல. காசு உள்ளவனுக்கு பெங்களூர் கம்பெனி, இல்லாதவனுக்கு நோட்டுப் புத்தகம்னு இருந்த ஊருல, நடுவுல ஒண்ணு வந்திருக்கு. அதுல ஓட்டை இருக்கலாம். நோட்டுப் புத்தகத்துலயும் எலி கடிச்ச ஓட்டை இருந்துச்சு.

காரிமங்கலம்_டெஸ்டர்

இது நியாயமான பேச்சு. ஆனா லாகின் இருக்குன்னா போதாது தம்பி. ஒரு நோயாளி லிங்க்ல கடைசி நம்பரை மாத்தி அடிச்சா அடுத்த நோயாளி விவரம் வருதான்னு இன்னைக்கே பாத்துருங்க. ஏஐ எழுதற ஆப்ல நான் அடிக்கடி பிடிக்கற ஓட்டை இதுதான், உள்ள வந்தியான்னு கேக்கும், இது உன்னோடதான்னு கேக்காது.

இன்னொண்ணு, அது இன்ஸ்டால் பண்ணச் சொல்ற பேக்கேஜ், அதாவது அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு, அதோட பேரு நிஜமாவே இருக்கான்னு பாருங்க. 16 மாடலை வச்சு செஞ்ச ஒரு ஆராய்ச்சில வந்த பேர்ல சுமார் அஞ்சுல ஒண்ணு உலகத்துலயே இல்லாத பேக்கேஜ், ஓப்பன் சோர்ஸ் மாடல்லதான் ரொம்ப அதிகம், காசு கட்டற மாடல்ல 5% பக்கம். திருடனுங்க அந்த இல்லாத பேர்ல ஒரு பேக்கேஜைப் போட்டு காத்துட்டு இருப்பான்.

அரூர்_ஃப்ரீலான்சர்

நம்பரை மாத்தி அடிச்சுப் பாத்தேன். ம்ம். இன்னைக்கு ராத்திரி வேலை இருக்கு, வர்றேன்.

பழைய_ஃபாக்ஸ்ப்ரோ | தர்மபுரி

ஹாஹாஹா. பாத்தியே, அதுவே பெரிசு.

தளி_ரோஸ்

சம்பந்தமில்லாம ஒண்ணு, ஓசூர்ல மெட்ரோ எப்ப வரும்னு இந்த ஏஐ சொல்லுமா?

அத்திப்பள்ளி_டிராபிக் | ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி

நம்பிக்கையா ஒரு தேதி சொல்லும்.

பாலக்கோடு_பாஸ்அவுட்

அத்திப்பள்ளி அண்ணா சொன்னது என்னை ரொம்ப யோசிக்க வச்சிருச்சு, தானே எழுதாதவன் எப்படி தப்பு கண்டுபிடிப்பான்னு. நான் இப்ப இப்படி பண்றேன், சரியான்னு சொல்லுங்க. முதல்ல நானே எழுதுவேன், ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் பண்ணிட்டு, எவ்ளோ கேவலமா வந்தாலும் சரி. அப்புறம் அதே கணக்கை ஏஐ கிட்ட கொடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்பேன். எங்க வேற மாதிரி இருக்கோ அங்க ஏன்னு கேப்பேன். அப்பாவோட தக்காளி கணக்கையே ப்ராஜெக்ட்டா எடுத்துக்கிட்டேன், கூடை எண்ணிக்கை, அன்னைக்கு ஏலத்துல போன விலை, கமிஷன், கூலி, வாடகை போக கைக்கு வந்தது. கூலி, வாடகை எல்லாம் கழிச்சப்புறம் மிச்சத்துல ஏஐ கமிஷனைப் போட்டுச்சு. எங்க மண்டில மொத்த விலை மேல தான் கமிஷன் பிடிப்பாங்க, அப்பா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு "இவன் எந்த ஊர் மண்டிக்காரன், கம்மியா பிடிக்கறான், நம்பர் குடு அவன் கிட்டயே போறேன்"னாரு.

சிப்காட்_பிஎல்சி | ஓசூர்

அப்பாவை வேலைக்கு எடுங்க கிருஷ்ணகிரிக்காரரே.

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

ஹாஹா அதை விட நல்ல டெஸ்டர் கிடைக்கமாட்டாரு.

சரி, எல்லாரும் சொன்னதைப் படிச்சேன், வீட்லயும் பேசினேன். எடுக்கறேன், ஒருத்தரை. சம்பளம் பெங்களூர் ரேட் கிடையாது, முன்கூட்டியே சொல்லிடறேன். அக்கா சொன்ன ஆறு மாசம் எனக்கு ஒத்து வராது, ஃபேக்டரி ஓனருங்க சும்மா ஒருத்தர் உக்காந்திருக்க விடமாட்டாங்க. சீசன் முழுக்க எடைமேடைலயும் அக்கவுண்டன்ட் அம்மா போன்லயும் பாதி நேரம், மீதி நேரம் கடைல. கடைல இருக்கற நேரத்துல வாரத்துல ரெண்டு நாள் ஏஐ கிடையாது, கையாலதான் எழுதணும், அது கிளையண்டுக்குப் போற வேலையா இருக்காது, பழைய ரிப்போர்ட்டையே திரும்ப எழுதறதுதான். எனக்கு அதுல ஒரு பைசா வரவு இல்லைன்னு தெரியும். சின்னவன் சம்பளத்துலயும் முதல் வருஷம் அப்படித்தான் போச்சு, ரிப்போர்ட் வேலைன்ற பேர்ல போச்சு, அதனால கணக்குல தெரியல.

தேர்வு எப்படின்னா, ஓடிட்டு இருக்கற பில்லிங் கோடு ஒண்ணு தருவேன், ஏஜென்ட் எழுதினது, டெஸ்ட் எல்லாம் பாஸ். நெட் உண்டு, ஏஐ உண்டு, எதை வேணா கேட்டுக்கலாம். அதுல என்ன தப்பு இருக்குன்னு நான் சொல்லமாட்டேன், தப்பு இருக்கான்னே சொல்லமாட்டேன். பக்கத்து டேபிள்ல அக்கவுண்டன்ட் அம்மா உக்காந்திருப்பாங்க, அவங்களை எவ்ளோ கேள்வி வேணா கேக்கலாம். யாரு அவங்க கிட்ட என்ன கேக்கறாங்கன்னுதான் பாக்கப் போறேன்.

அத்திப்பள்ளி_டிராபிக் | ஓசூர் டு எலக்ட்ரானிக் சிட்டி

இதை அப்படியே எங்க எச்ஆர் கிட்ட கொடுக்கலாமா?

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

கொடுங்க. அக்கவுண்டன்ட் அம்மாவை மட்டும் தரமாட்டேன்.

பாலக்கோடு_பாஸ்அவுட்

அண்ணா நான் வரலாமா? தேர்வுல என்ன இருக்குன்னு இங்கயே படிச்சுட்டேனே, அது பரவாயில்லையா?

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

படிச்சதால ஒண்ணும் கெட்டுப் போகல தம்பி, வாங்க. சனிக்கிழமை காலைல 10 மணி, இடம் தனி மெசேஜ்ல அனுப்பறேன். லேப்டாப் சார்ஜரோட எடுத்துட்டு வாங்க, யுபிஎஸ் பேட்டரி வீக்கா இருக்கு. அந்த தக்காளி கணக்கையும் கொண்டு வாங்க, கையால எழுதினது, ஏஐ எழுதினது ரெண்டையும்.

காரிமங்கலம்_டெஸ்டர்

பொண்ணுங்க யாராவது படிச்சுட்டு இருந்தா நீங்களும் அப்ளை பண்ணுங்க. அண்ணா, கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி விட்ருவீங்கல்ல?

மாங்கூழ்_கணக்கு | கிருஷ்ணகிரி

மதியமே முடிஞ்சிரும்க்கா. சீசன்ல மட்டும் லேட் ஆகும், அப்ப ஃபேக்டரி வண்டில வீட்ல விடற ஏற்பாடு பண்ணிட்டுதான் வேலையே சொல்லுவேன்.